பெற்றோல் இல்லாத காலத்தில் குறைந்த ஆறு கிலோ

எனக்கு உடம்பு குறைந்தது பெற்றோல் இல்லாத காலத்தில்தான். 2022 யூன் மாதம். மட்டக்களப்பில், நாவற்குடாவிலிருந்து ரவுணில் இருக்கும் அலுவலகத்துக்கு ஸ்கூட்டியில் போய்வந்த நான், இரண்டு நாள் வரிசையில் நின்றும் ஒரு லீற்றர் கூடக் கிடைக்காமல், மகளின் சைக்கிளை எடுத்தேன். கடைசியாகச் சைக்கிள் மிதித்தது பள்ளிக்கூடக் காலத்தில். முதல் நாள் கல்லடிப் பாலத்தின் ஏற்றத்தில் மூச்சு வாங்கி, இறங்கி, சாரித் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உருட்டிக்கொண்டே போனேன். ஒரு கிழமையில் உருட்டாமல் ஏறினேன். மூன்றாம் கிழமை பாலத்தை ஏற்றம் என்றே நினைக்கவில்லை.

அந்த மாதங்களில் நான் எந்த உணவுக் கட்டுப்பாடும் வைத்திருக்கவில்லை. காஸ் இல்லை, விறகில் சமைத்தோம். அதனால் ஒரு சோறு, ஒரு மீன், ஒரு கீரை என்று சமையல் சுருங்கியது. அலுவலகக் கூட்டங்களில் ரோல்ஸ், கேக் நின்றுபோயின. சீனி விலை ஏறியதால் வீட்டில் தேத்தண்ணி ஐந்து தரத்திலிருந்து மூன்று தரமாகியது. இரவில் கொத்து ரொட்டி வாங்கக் கடைக்குப் போக வண்டியும் இல்லை, காசும் இல்லை. ஒக்டோபரில் மருந்துக் கடைத் தராசில் ஏறினேன். 73 கிலோ. அதற்கு முந்தைய வருசம் நான் 79.

ஒன்பது வருசமாக எத்தனையோ செய்தும் குறையாத ஆறு கிலோ, நான் முயற்சிக்காத நாலு மாதத்தில் போயிருந்தது.

பிறகு பெற்றோலைப் பங்கிட்டுத் தரக் கியூஆர் கோட் வந்தது, பெற்றோல் வந்தது, காஸ் வந்தது, கூட்டங்களில் ரோல்ஸ் வந்தது. 2023 முடியும்போது நான் 77. இடையில் என் மனம் மாறவில்லை. அதே நாக்கு, அதே ஆசை, அதே மனக்கட்டுப்பாடு. மாறியதெல்லாம் என்னைச் சுற்றி இருந்த நாள்தான். இதைப் புரிந்துகொள்ள எனக்கு நாற்பது வயது தாண்ட வேண்டியிருந்தது. அதனால்தான் எழுதுகிறேன். உடம்பு பருத்தவர்கள் எல்லாரும் வாயைக் கட்டத் தெரியாதவர்கள் என்று நம்பி, தங்களைத் தாங்களே வெறுத்துக்கொண்டிருக்கும் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் இருந்தேன்.

2007இல் கலியாணம் செய்தபோது நான் 51 கிலோ. இரண்டு பிள்ளைகள். 2012இல் பட்டதாரி நியமனத்தில் அரச அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அடுத்த வருசம் 64. பிறகு ஒரு வருசத்தில் ஒன்றரைக் கிலோ, இன்னொரு வருசத்தில் மூன்று கிலோ. கொரோனாக் காலத்தில் வீட்டுக்குள் இருந்து 79. பதினாலு வருசத்தில் 28 கிலோ, வருசத்துக்கு இரண்டு கிலோ. இதை நாள் கணக்காகப் பார்த்தபோதுதான் எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. இரண்டு கிலோ என்றால் 15,400. அதை 365ஆல் பிரித்தால் நாளொன்றுக்கு 42 கலோரி. உடம்பு பெருக்கப் பெருக்க அது செலவழிப்பதும் கூடும் என்பதால் உண்மைக் கணக்கு இவ்வளவு நேரானதல்ல, மிச்சம் இதைவிடக் கூடத்தான் இருந்திருக்கும். ஆனாலும் நான் கற்பனை செய்து வைத்திருந்த பெருந்தீனி இதில் எங்கேயும் இல்லை. சீனி போட்ட ஒரு தேத்தண்ணி, நடக்காமல் விட்ட அரை மைல், இப்படிச் சின்னச் சின்ன மிச்சங்கள் ஒவ்வொரு நாளும் சேர்ந்திருக்கின்றன.

அம்மாவின் ஊர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை, கொக்கட்டிச்சோலைப் பக்கம். அம்மாவும் சோறுதான் சாப்பிட்டார், என்னைவிடக் கூடவே சாப்பிட்டார். மூன்று நேரமும் சோறு என்ற நாட்களும் உண்டு. ஆனால் விடியுமுன் கிணற்றில் தண்ணீர் அள்ளுவதோடு அவருடைய நாள் தொடங்கும். அம்மியில் அரைப்பார், உரலில் மா இடிப்பார். வேளாண்மைக் காலத்தில் வயலுக்கு நடந்துபோய் புல்லுப் பிடுங்கி, நடந்தே வருவார். சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போவதென்றால் மண்முனைத் துறைவரை வந்து, பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறி வாவியைக் கடந்து, அங்கால் பஸ் பிடிக்க வேண்டும். என் பாட்டியான பெத்தாவோடு ஒரு தரம் கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போனதையும் அடிக்கடி சொல்லுவார். உகந்தையைத் தாண்டிக் காட்டுக்குள் நடந்த கதை. அவர்கள் யாரும் உடற்பயிற்சி என்ற சொல்லைப் பாவித்ததே இல்லை.

2014இல் மண்முனைப் பாலம் திறந்தார்கள். அந்தப் பாலத்துக்காக எங்கள் சனம் எவ்வளவு காலம் காத்திருந்தது என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். இரவில் பிரசவ வலி வந்த பெண்களைத் தோணியில் ஏற்றிய காலத்தை நான் திரும்பக் கேட்கமாட்டேன். அம்மிக்கும் உரலுக்கும் திரும்பச் சொல்லியும் யாருக்கும் அறிவுரை சொல்லமாட்டேன், அதில் தேய்ந்த கைகளை எனக்குத் தெரியும். ஆனால் பாலம், காபட் றோட், லீசிங்கில் எடுத்த மோட்டார் சைக்கிள், கிரைண்டர், தண்ணீர்க் குழாய், வேளாண்மை வெட்டும் மெசின் எல்லாம் பத்துப் பதினைந்து வருசத்துக்குள் அடுத்தடுத்து வந்தன. உடம்பின் வேலை போய்விட்டது. பீங்கானில் சோறு போடும் கையின் அளவு மட்டும் அப்படியே இருந்தது.

அளவு அப்படியே இருந்தாலும் உணவு மாறிக்கொண்டே வந்தது. பெத்தா அரிசி மாவில் பிட்டு அவித்தார். அம்மா பாதி அரிசி மா, பாதி அமெரிக்கன் மா. நான் கலியாணம் செய்த பிறகு முழுக்க அமெரிக்கன் மா. ரொட்டி, பராட்டா, நூடில்ஸ், பாண், பணிஸ் எல்லாம் அதே கோதுமை மாதான். மாலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் ஓட்டோ வீட்டு வாசலுக்கே வருகிறது.

இதைவிடப் பெரிய மாற்றம், யாரும் அதிகம் பேசாதது, ரியூசன். பிள்ளைகளுக்குப் பின்னேரம் மூன்றரை மணிக்கு ஒரு வகுப்பு, ஐந்தரைக்கு இன்னொன்று. அலுவலகம் விட்டதும் ஏற்றி இறக்குவதிலேயே எனக்கு ஏழரை மணியாகிவிடும். அதற்குப் பிறகு யார் அடுப்பைப் பற்றவைப்பது? வரும் வழியில் கொத்தோ பிறைட் றைசோ இரண்டு பார்சல். ஒரு பார்சல் உண்மையில் இரண்டு பேரின் சாப்பாடு, ஆனால் பார்சலைத் திறந்தால் மிச்சம் வைக்க மனம் வராது. எண்ணெய் ஒரு மேசைக்கரண்டியில் 120 கலோரி இருக்கிறது. தட்டிக் கொத்தும்போது எத்தனை கரண்டி ஊற்றுகிறார்கள் என்று ஒரு நாள் நின்று பார்த்தேன். ஒன்பதரைக்குச் சாப்பிட்டு, பத்தரைக்குப் படுத்து, பன்னிரண்டு மணிவரை போன் பார்த்து, ஐந்து மணிக்கு எழும்பி பள்ளிக்கூடச் சாப்பாடு கட்டுவேன். ஐந்து மணித்தியால நித்திரை. நித்திரை குறைந்தால் பசியைத் தூண்டும் ஹோர்மோன் கூடும், வயிறு நிறைந்தது என்று சொல்லும் ஹோர்மோன் குறையும் என்பதை அப்போது நான் அறியவில்லை. பத்து மணிக்கே அலுவலகத்தில் கைகள் பிஸ்கற்றைத் தேடும், அதையும் என் பலவீனம் என்றே நினைத்தேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022இல் உலகில் எட்டுப் பேரில் ஒருவர் உடற்பருமனோடு வாழ்ந்தார்கள். 1990இலிருந்து பெரியவர்களில் இது இரண்டு மடங்குக்கும் மேல் கூடியிருக்கிறது. முப்பது வருசத்துக்குள் உலகம் முழுவதும் இத்தனை கோடிச் சனமும் ஒரே நேரத்தில் சோம்பேறியாகிவிட்டது என்று என்னால் நம்ப முடியவில்லை.

எங்கள் பக்கத்துக்கு இதில் இன்னொரு கதையும் உண்டு.

1990இல் எனக்குப் பத்து வயது. யுத்தத்தால் இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் பல குடும்பங்களோடு இருந்தோம். நிவாரண அரிசியும் பருப்பும்தான். அம்மா எங்களுக்குப் போட்டுவிட்டு, சட்டியின் அடியில் தண்ணீர் விட்டுக் கலக்கிக் குடித்ததை நான் பார்த்திருக்கிறேன். அன்றிலிருந்து இன்றுவரை அம்மாவுக்கு, பிள்ளையின் பீங்கானில் சோறு குவிந்திருந்தால் எல்லாம் நல்லபடி இருக்கிறது என்று அர்த்தம். கை தடுத்தால் முகம் மாறிவிடும். "என்ன புள்ள, ஒரு பிடிதானே" என்பார். அது ஒரு பிடி அல்ல என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். 2004 சுனாமிக்குப் பிறகும் இதே காட்சியைக் கல்லடியில் பல வீடுகளில் பார்த்தேன். பசியைப் பார்த்த சனத்துக்கு மெலிவு என்றால் வருத்தம், பருமன் என்றால் சுகம். எங்கள் ஊரில் "நல்லா இருக்கிறாய் கா" என்றால் கொழுத்திருக்கிறாய் என்று பொருள், அன்போடு சொல்வது. 2022இல் ஆறு கிலோ குறைந்து நான் படுவான்கரைக்குப் போனபோது அம்மா வாசலில் நின்று அழுதார். "என்ன வருத்தம் எண்டு ஒளிக்காமச் சொல்லு மகள்" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

இந்த அம்மாவிடம் கலோரிக் கணக்குச் சொல்ல முடியுமா? நான் சொல்லவில்லை. பிறகு எப்படிச் சமாளித்தேன் என்பதைக் கீழே எழுதுகிறேன்.

நான் செய்த பிழைகளை முதலில் சொல்கிறேன்.

2018இல் வாட்ஸ்அப்பில் ஒருவர் மூலம் எடை குறைக்கும் மாப் பேணி வாங்கினேன். காலையும் இரவும் அதைக் கரைத்துக் குடித்தால் போதும் என்றார்கள். மாதம் ஒரு பேணி போதவில்லை, சம்பளத்தில் பெரிய பங்கு அதற்கே போனது. மூன்று மாதத்தில் ஐந்து கிலோ குறைந்தது. நிறுத்தி ஆறு மாதத்தில் ஏழு கிலோ கூடியது. திடீரென்று குறைத்தால் உடம்பு அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொள்ளும். பசியைக் கூட்டி, செலவைக் குறைத்து, பழைய எடைக்கே இழுக்கும். இது யாருக்கும் நடக்கும். அந்த ஏழு கிலோவுக்காக நான் என்னைத் திட்டிக்கொண்ட திட்டு கொஞ்சமல்ல.

இன்னொரு முறை சோற்றை முழுக்க நிறுத்தினேன். எட்டு நாள் இருந்தேன். ஒன்பதாம் நாள் இரவு பிள்ளைகள் படுத்த பிறகு ஒரு பெட்டி பிஸ்கற்றையும் தின்று முடித்தேன். சோறு எங்கள் உடம்பிலும் மனதிலும் ஊறியது. அதை எதிரியாக்கியவர்கள் யாரும் என் சுற்றத்தில் ஆறு மாதம் நின்றதில்லை.

மூன்றாவது பிழை, பயத்தில் கிளினிக்குக்குப் போகாமல் விட்டது. ஒரு தரம் முழங்கால் நோவுக்கு ஒரு வைத்தியரிடம் போனேன். அவர் துண்டுச் சீட்டைப் பார்த்துக்கொண்டே, "இவ்வளவு உடம்பை வச்சிக்கொண்டு கால் நோகாம என்ன செய்யும், சாப்பாட்டைக் குறைங்க" என்றார். வரிசையில் நின்ற எல்லாருக்கும் கேட்டது. அதற்குப் பிறகு மூன்று வருசம் நான் எந்தப் பரிசோதனைக்கும் போகவில்லை. அந்த மூன்று வருசத்தில்தான் இரத்தத்தில் சீனி ஏறியிருக்கிறது. யாராவது உங்களை அப்படிப் பேசியிருந்தால், தயவுசெய்து வேறொருவரிடம் போங்கள். போகாமல் மட்டும் இருக்காதீர்கள்.

2024 யனவரியில் மச்சாள் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தொற்றா நோய்களைப் பார்க்கும் அரச கிளினிக், காசு இல்லை. எடை 77, உயரம் 156 சென்ரிமீற்றர், இடுப்புச் சுற்றளவு 101. சாப்பிடாமல் பார்த்த இரத்தச் சீனி 118. 126ஐத் தொட்டால் நீரிழிவு. 100க்கும் 125க்கும் இடையில் இருப்பவர்கள் அந்த வாசலில் நிற்பவர்கள். தைரொயிட்டும் பார்த்தார்கள், அதில் குறையில்லை. (திடீரென்று எடை ஏறுகிறவர்கள், களைப்பும் குளிரும் கூடுதலாக உணருகிறவர்கள் இதைப் பார்த்துவிடுவது நல்லது. சில மருந்துகளாலும் எடை கூடும், அதையும் கேளுங்கள்.)

அந்த இளம் டொக்டர் கதிரையை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு பேசினார். எடையை உயரத்தின் வர்க்கத்தால் பிரிக்கும் பிஎம்ஐ கணக்கில் எனக்கு 31.6. உலகத்துக்குப் பொதுவாக 25 வரை பரவாயில்லை என்பார்கள். ஆசியர்களுக்கு 23இலேயே ஆபத்துக் கூடத் தொடங்குகிறது, 27.5க்கு மேல் அதிக ஆபத்து. ஏனென்றால் ஒரே எடையில் எங்களுக்குத் தசை குறைவு, வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிப் படியும் கொழுப்புக் கூட. அதனால் தராசைவிட அளவு நாடா முக்கியம் என்றார். பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர், ஆண்களுக்கு 90. தையல் நாடா எல்லா வீட்டிலும் இருக்கும். கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னுக்கு நிற்கும் ஆண்கள் எங்கள் ஊரில் எத்தனை பேர், தங்களுக்குப் பருமன் இல்லை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"23க்கு வர எனக்கு எத்தனை கிலோ குறைய வேண்டும் மிஸ்?" என்று கேட்டேன்.

"21. ஆனா அதை இப்ப மறந்திருங்க அக்கா. உங்களுக்கு நான் சொல்ற கணக்கு அஞ்சரைக் கிலோ."

2002இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வைச் சொன்னார். நீரிழிவின் வாசலில் நின்றவர்களுக்கு எடையில் 7 சதவீதத்தைக் குறைப்பதும், கிழமைக்கு 150 நிமிடம் நடப்பதும்தான் இலக்கு. அவர்களில் நோய் வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. என்னுடைய 77இல் 7 சதவீதம் அஞ்சரைக் கிலோ. ஒரு வருசம் எடுத்தாலும் பரவாயில்லை என்றார். என் வாழ்க்கையில் முதல் முறையாக, என்னால் முடியும் என்று நம்பக்கூடிய ஒரு எண்ணை ஒருவர் எனக்குச் சொன்னார். வெளியில் வந்து மச்சாளின் தோளில் சாய்ந்து அழுதேன்.

தேத்தண்ணியில் தொடங்கினேன். நாளுக்கு ஐந்து, ஒவ்வொன்றிலும் மூன்று தேக்கரண்டி. கரண்டிக்கு நாலு கிராம் என்றாலும் 60 கிராம் சீனி, 240 கலோரி. சேர்த்துக்கொள்ளும் சீனியை நாளுக்கு 25 கிராமுக்குள், அதாவது ஆறு கரண்டிக்குள் வைத்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. நான் தேத்தண்ணியில் மட்டுமே அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் குடித்துக்கொண்டிருந்தேன். ஒரேயடியாக நிறுத்தவில்லை. இரண்டு கிழமை இரண்டரைக் கரண்டி, அடுத்த இரண்டு கிழமை இரண்டு, அப்படியே ஒன்றுவரை வந்தேன். பிறகு பெத்தாவின் வழிக்குப் போனேன். அவர் வெறுந்தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளங்கையில் ஒரு சிட்டிகை சீனியைப் போட்டு, நக்கி நக்கிக் குடிப்பார். அதே சுவை, ஆனால் சீனி அரைக் கரண்டிகூட வராது. மூன்று மாதத்தில் நாக்கு பழகியது. இப்போது யாராவது மூன்று கரண்டி போட்டுத் தந்தால் குடிக்க முடியவில்லை.

மென்பானப் போத்தல்களில் 2016இலிருந்து நிறக்குறி இருக்கிறது. சிவப்பு என்றால் சீனி அதிகம், மஞ்சள் நடுத்தரம், பச்சை குறைவு. கடையில் நின்று அந்த வட்டத்தைப் பார்க்கப் பிள்ளைகளுக்குப் பழக்கினேன். அவர்கள்தான் இப்போது எனக்குக் காட்டுகிறார்கள்.

சோற்றை நிறுத்தவில்லை, அளந்தேன். வழமையாகப் போடும் அளவைத் தேத்தண்ணிக் கோப்பையால் அளந்து பார்த்தபோது இரண்டரைக் கோப்பை. ஒரு கோப்பைச் சோற்றில் ஏறக்குறைய 200 கலோரி. அதை ஒன்றேகாலுக்குக் கொண்டுவந்தேன். ஆனால் பீங்கானில் வெறுமை தெரியக்கூடாது, தெரிந்தால் மனம் பசிக்கும். அதனால் முதலில் சுண்டல் போடுவேன், முருங்கை இலையோ வல்லாரையோ பொன்னாங்கண்ணியோ, இரண்டு கை. பிறகு மீன், பிறகு சோறு. வாவியும் கடலும் பக்கத்தில் இருக்கும் எங்களுக்கு மீன் ஒரு கொடை. கீரியும் சூரையும் விலை குறைந்த நாளில் வாங்கிப் புளியாணம், அதாவது புளிக் குழம்பு, வைத்தால் பொரியலே தேவைப்படாது. மீனும் பருப்பும் கூடினால் அடுத்த பசி பிந்தி வருகிறது. பாலாணத்துக்குத் தடித்த பாலைக் குறைத்து இரண்டாம் பாலில் வைக்கிறேன். பிட்டு சிவப்பரிசி மாவில், சிலநாள் குரக்கன் சேர்த்து, தேங்காய்ப்பூ பாதி.

இரவுச் சாப்பாட்டுக்கு வழி தேட இரண்டு மாதம் எடுத்தது. விடியத்தில் சமைக்கும்போதே இரவுக்கும் மீன் ஆணம் வைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் எடுத்துவைக்கிறேன். ரியூசன் முடிந்து வந்ததும் என் கணவர் சோற்றை மட்டும் போட்டு வைத்திருப்பார். ஆசிரியர், என்னைவிட முந்தி வீட்டுக்கு வருகிறவர். பதினேழு வருசமாக அடுப்படி என் தலையில் மட்டும் இருந்தது எவ்வளவு பெரிய காரணம் என்று அப்போதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் விளங்கியது. பெண்களின் உடற்பருமனைப் பற்றிப் பேசுகிறவர்கள் பின்னேரம் நாலு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில் ஒரு வேலைக்குப் போகும் தாயின் நேரத்தைக் கணக்கெடுத்துவிட்டுப் பேசினால் நல்லது. கொத்து மாதத்துக்கு ஒரு தரம் வாங்குகிறோம், ஒரு பார்சலை இரண்டு பேர் பகிர்ந்து.

நடை பற்றிச் சொல்ல வேண்டும். முதலில் தனியே விடியப்புறம் நடந்தேன். நாய்கள் விரட்டின. மோட்டார் சைக்கிளில் போகிற பொடியன்கள் ஏதோ சொல்லிவிட்டுப் போனார்கள். பத்து நாளில் விட்டுவிட்டேன். பிறகு பக்கத்து வீட்டு மாமியும் அலுவலகத்துத் தங்கச்சிமார் இரண்டு பேரும் சேர்ந்தார்கள். ஐந்தேகாலுக்கு ஒருவர் மற்றவரின் கேற்றில் தட்ட வேண்டும் என்பது ஒப்பந்தம். கல்லடிப் பழைய பாலம்வரை போய்த் திரும்புவோம். 1924இல் கட்டிய பாலம், பக்கத்தில் புதுப் பாலம் 2013இல் வந்தபிறகு இதில் சத்தம் குறைவு. தூண்டில் போடுகிறவர்கள் இப்போது எங்களைத் தெரிந்து, "இண்டைக்குச் சுணங்கிட்டீங்க கா" என்கிறார்கள். நாலு பேராக நடந்தால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஒருவர் வராவிட்டால் மற்ற மூன்று பேரும் போய்க் கேட்பார்கள், அதற்குப் பயந்தே நான் பல நாள் எழும்பியிருக்கிறேன்.

வெறும் செருப்போடு நடந்ததில் குதிக்கால் நோவு வந்து மூன்று கிழமை நின்றேன். பாரமான உடம்போடு தொடங்குகிறவர்கள் நல்ல சப்பாத்துக்கு முதலில் காசு செலவழியுங்கள், பத்து நிமிடத்தில் தொடங்கிக் கூட்டுங்கள். கிழமைக்கு மூன்று நாள் இப்போதும் சைக்கிளில்தான் அலுவலகம். நடந்தால் மட்டும் எடை குறைந்துவிடும் என்று நம்ப வேண்டாம். ஐந்து கிலோமீற்றர் நடந்து நான் செலவழிக்கும் முன்னூறு கலோரியை இரண்டு ரோல்ஸ் திருப்பித் தந்துவிடும். ஆனால் நடக்கும் நாட்களில் சீனி இறங்குகிறது, நித்திரை வருகிறது, குறைந்த எடை திரும்பாமல் நிற்கிறது. கிழமைக்கு இரண்டு நாள் கதிரையில் கையூன்றாமல் இருபது தரம் இருந்து எழும்புவேன், ஐந்து லீற்றர்த் தண்ணீர்க் கான் இரண்டைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி நடப்பேன். எடை குறையும்போது தசையும் போகும், நாற்பதுக்கு மேல் அதைக் காப்பாற்றாவிட்டால் முழங்கால் தாங்காது.

போன் பத்து மணிக்குக் குசினிக்குப் போய்விடும். இது எல்லாவற்றிலும் கஷ்டமானது. இன்னும் முழுதாக வெல்லவில்லை.

அம்மாவிடம் நான் எடை என்ற சொல்லை எடுக்கவே இல்லை. 118 என்ற எண்ணைச் சொன்னேன். பெரியம்மாவுக்குச் சீனி வருத்தத்தில் காலில் விரல் எடுத்ததை அம்மா பக்கத்தில் இருந்து பார்த்தவர். துண்டைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிறு போனபோது பீங்கானில் முதலில் சுண்டல் விழுந்தது, பிறகு விரால் மீன் துண்டு இரண்டு. சோற்றுக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "மறுகா எவ்வளவு போட?" என்று கேட்டார். என் நாற்பத்து மூன்று வயதில் அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டது அதுதான் முதல் தரம்.

மகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு கலியாண வீட்டில் உறவுக்காரர் ஒருவர் அவளிடம், "கவனம், அம்மாவைப்போல வந்திராத" என்றார். அன்றிலிருந்து அவள் பள்ளிக்கூடச் சாப்பாட்டைச் சாப்பிடாமல் திருப்பிக் கொண்டுவந்தாள். எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. தயவுசெய்து பிள்ளைகளின் உடம்பைப் பற்றி அவர்கள் முன்னால் பேசாதீர்கள், பகிடியாகவும் வேண்டாம். சைக்கிளைத் திருத்திக் கொடுங்கள், விளையாட விடுங்கள், ஒரு ரியூசனைக் குறையுங்கள். எங்கள் வீட்டில் சனிக்கிழமை வகுப்பு ஒன்றை நிறுத்தினோம். அவள் இப்போது கரப்பந்து விளையாடுகிறாள்.

அலுவலக நலன்புரிச் சங்கத்தில், கூட்டங்களுக்கு ரோல்ஸுக்குப் பதிலாக அவித்த கௌப்பியும் வாழைப்பழமும் வைப்போம் என்று கேட்டேன். சிலருக்குப் பிடிக்கவில்லை. ஒரு கூட்டத்துக்கு அது, அடுத்ததற்கு ரோல்ஸ் என்று முடிவாகியிருக்கிறது.

இப்போது 70 கிலோ. இடுப்பு 92. போன மாதம் சீனி 101. இன்னும் வாசலில்தான் நிற்கிறேன், ஆனால் வெளிப்பக்கம் பார்த்துக்கொண்டு. இடையில் இரண்டு தரம் எடை ஏறியது, இரண்டும் மாரியில். நவம்பர் தொடங்கினால் விடியப்புற நடை நின்றுவிடும், பாலத்தில் காற்று தள்ளும், சைக்கிளை எடுக்க முடியாது. வீட்டுக்குள் இருந்து பொரித்ததைத் தின்னும் மாதங்கள் அவை. போன மாரியில் மட்டும் இரண்டு கிலோ. இந்த முறை மாமி வீட்டு மேல்மாடி படிக்கட்டைக் கேட்டிருக்கிறோம். பதினாறு படி. மழை பெய்தால் ஐந்தேகாலுக்கு நாலு பேரும் குடையோடு அங்கே வருவது, இருபது தரம் ஏறி இறங்குவது. படிக்கு லைற் இல்லை என்று மாமி சொன்னார், நாளைக்கு ஒரு பல்ப் வாங்கிக்கொண்டு போகிறேன்.